மூன்று முறை அலசு

சனிக்கிழமை, காலை ஏழு மணி.
வேல்ஸின் மேற்குச் சரிவில்
மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை.
தெவ்லன் பாலத்தடியில் நாங்கள் ஆறு பேர்.
மெய்ரிக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
சிவான் மருந்துக்கடை வைத்திருக்கிறாள்.
மற்ற மூவருக்கும்
முழங்கால் வரை ஒரே ரப்பர் காலணி,
அதற்கு மேலே வெவ்வேறு கட்சி.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது விதி:
ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நில்.
உன் கால் கிளப்பிய சேற்றை மொள்ளாதே.
குப்பியை ஆற்று நீராலேயே மூன்று முறை அலசு.
நான்காவதுதான் சாட்சி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழைய சொல்.
இந்த ஆற்றில் போடுகிறவர்கள் யாரும் அளப்பதில்லை.
போட்ட பிறகு அளக்க
நாங்கள் இருக்கிறோம், சம்பளமில்லாமல்.

பொடியைக் கொட்டிக் குலுக்கினால்
பாஸ்பேட் இருக்கிற அளவுக்கு நீர் நீலமாகும்.
ஜூன் மாதத்து வானம்கூட
இங்கே அவ்வளவு நீலம் காட்டியதில்லை.

முதல் இடம், ஊற்றுக்கு அருகே: நிறமே இல்லை.
இரண்டாவது, தேவாலயத் திருப்பம்:
நீலம்தானா என்று இரண்டு பேர் சண்டை போடலாம்.
மூன்றாவது இடம்
என் தம்பி இத்வாலின் வாய்க்கால்
ஆற்றில் சேருமிடத்துக்குக் கீழே.

தம்பியிடம் எண்பதாயிரம் கோழிகள்.
கொட்டகை இரண்டு. வங்கிக்கு ஒன்று, எனக்கு ஒன்று
என்று சொல்லிச் சிரிப்பான், முதல் வருஷம்.
பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு
மூன்றாவதைக் கட்டினான்.
எரு வயலுக்குப் போனது,
மழை வயலுக்கு வந்தது,
வயல் ஆற்றுக்கு வந்தது.
மே மாதம் தண்ணீர் மேல் விரிந்து கிடக்கும்
வெள்ளைப் பூக்கள் இருந்த இடத்தில்
இப்போது பழுப்புக் கம்பளி மாதிரி பாசி.
கல்லைப் புரட்டினால் வழுக்குகிறது,
அடியில் ஒரு புழுவும் இல்லை.

அன்றைக்குக் குப்பி மையாகவே மாறிவிட்டது.
சிவான் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை.
குப்பியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
மெய்ரிக் தொண்டையைச் செருமிக்கொண்டு
வாத்துகளைப் பார்த்தார்.
ஒருதரம் பார்த்தது தப்பாகவும் இருக்கும், என்றார்.

மறுபடி இறங்கினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
மறுபடி மை.

பென்சில் என் கையில் இருந்தது.
பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு என்று எழுதினேன்.
மூன்றாவது கொட்டகைக் கடனுக்குச்
சாட்சிக் கையெழுத்துப் போட்டதும்
இதே கைதான்.

அறிக்கை வெளிவந்த வாரம்
வாசலுக்கு வரும் முட்டைத் தட்டு நின்றது.
தம்பி மனைவி நெஸ்தா
கடையில் ரொட்டி வரிசைக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்,
அவ்வளவு உயரம் இல்லை அந்த வரிசை.
இரவு தொலைபேசியில் அவன் குரல்:
என் பெயரைப் போட்டாயா?
இடத்தின் பெயரைப் போட்டேன்.
இந்த ஊரில் ரெண்டும் ஒன்றுதானே, என்றான்.
பதிலுக்குக் காத்திருந்தான்.
என்னிடம் எண்தான் இருந்தது.

நவம்பர்.
பாலத்தடியில் யாரோ எங்களுக்கு முன்பே இறங்கி
இடுப்பளவு நீரில் நிற்கிறான்,
கையில் ஜாம் பாட்டில்.
ஓட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
தானே கிளப்பிய சேறு தன்னைத் தாண்டிப்போக,
அதையே மொண்டுகொண்டிருக்கிறான்.

உங்கள் பொடி பொய் என்று காட்ட வந்திருக்கிறேன்,
திரும்பாமலே சொல்கிறான் இத்வால்.

ஜாம் வாசனையோடு அளந்தால்
உனக்குத்தான் நஷ்டம், என்கிறேன்.
பாட்டிலைக் கரையில் போடு. இந்தா குப்பி.
இந்தப் பக்கம் திரும்பி நில்.

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் பேசியது.
பிறகு திரும்பினான்.
ஒன்று, அலசிக் கொட்டினான்.
இரண்டு.
மூன்றாவதைக் கொட்ட மனமில்லாதவன் போல்
பிடித்துக்கொண்டே நின்றான்,
விரல்கள் சிவந்து, ஆறு அவன் கோட்டை இழுக்க.
கொட்டினான்.

நான்காவதைச் சிவான் வாங்கிக் குலுக்கினாள்.
நிறம் ஏற மூன்று நிமிஷம் ஆகும்.
மெய்ரிக் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்,
எங்கள் இருவருக்கும் நடுவில்,
யாருக்கென்று சொல்லாமல்.